நீ கேட்ட மெடிக்கல் சர்டிபிகேட்

கதிர்,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. நான் எரிச்சலில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து உன் அம்மா எது கேட்டாலும் வள்ளென்று விழுகிறேன். நேற்று பால்காரரிடம்கூடக் காரணமே இல்லாமல் சண்டை போட்டேன். உன்னிடம் போனில் பேசிப் பயனில்லை. நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் "பஸ் வந்துடுச்சுப்பா, அப்பறம் பேசறேன்" என்பாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். உன் அக்கா இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். உன்னோடு அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் கடலூர்ப் பையனும் விழுப்புரத்துப் பையனும் படித்தால் படிக்கட்டும், எனக்கு ஒளிவுமறைவு இல்லை. இனிமேல் இல்லை என்று வைத்துக்கொள்.

முதலில், நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். கனடாவில் இரண்டு வருஷ டிப்ளமோ முடித்துவிட்டாய். படித்து முடித்தவர்களுக்கு அங்கேயே தங்கி எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்க ஒரு பெர்மிட் தருகிறார்கள். வாழ்நாளில் ஒரே முறைதான் தருவார்கள். அதைக் கேட்க வேண்டுமானால், கடைசிப் பருவம் நீங்கலாக, படித்த காலம் முழுவதும் முழுநேர மாணவனாக இருந்திருக்க வேண்டும். நீ ஒரு பருவம் அப்படி இல்லை. போன வருஷம் தை மாதம் உன் அக்கா மகனுக்குக் காது குத்த இங்கே வந்தாயே, அந்தப் பருவத்தில் ஐந்து பாடத்தில் மூன்றை விட்டுவிட்டு இரண்டை மட்டும் படித்திருக்கிறாய். விட்டதைப் பிறகு சேர்த்துப் படித்து பாஸ் செய்துவிட்டாய். காலேஜுக்கு அது போதும், பெர்மிட் தருகிறவர்களுக்குப் போதாது. ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். குடும்பத்தில் யாருக்காவது பெரிய நோய் வந்திருந்தால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதனால் அந்த மாதம் நான் சாகக் கிடந்தேன் என்று ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கி அனுப்ப வேண்டும். சரிதானே?

"ஒரே ஒரு பேப்பர்ப்பா" என்றாய். "டவுன்ல என்ன இங்க அனுப்பி வெச்ச கன்சல்டன்சிக்காரரு ஆள் வெச்சிருக்காராம். நீ போயி ஆதார் ஜெராக்ஸ் மட்டும் குடுத்தா போதும், மத்தத அவங்களே பாத்துக்குவாங்க."

"இன்னா நோயின்னு போடுவாங்க?" என்று கேட்டேன்.

"ஹார்ட்டுன்னு போட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்களாம்ப்பா."

நான் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அப்பா கோபித்துக்கொண்டார் என்று நினைத்திருப்பாய். கோபமும்தான்.

உன்னை வரச் சொன்னது நான். அதை யார் தலையிலும் கட்ட முடியாது. மூன்றாவது வயதில் மொட்டை அடித்துக் காது குத்துவதும், அதற்குத் தாய்மாமன் மடி வேண்டும் என்பதும் நம் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் உன் அக்காவின் மாமனார் வழி சொன்னார். தங்கமான மனிதர். "தம்பி அவ்ளோ தூரத்துலேர்ந்து எதுக்கு சம்பந்தி வரணும்? உங்க தம்பி மவன் வில்லியனூர்லதான இருக்கான், அவன் மடில வெச்சிக்கலாம். நம்ம தம்பி போன்ல பாத்துக்கட்டும்" என்றார். "போனுக்கு மடி இருக்குதா சம்பந்தி?" என்று கேட்டேன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஜெயித்துவிட்ட மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். பொங்கல் அன்றைக்கு உனக்குப் போன். "செமஸ்டர் நடக்குதுப்பா, மூணு வாரம்லாம் உட மாட்டாங்க" என்றாய். "லீவு லெட்டர் எழுதிக் குடுத்துட்டு வாடா. காலேஜ் இன்னா பண்ணிடும்?" என்றேன். முப்பது வருஷம் லீவு லெட்டர்களோடு குடும்பம் நடத்தியவன் சொன்ன யோசனை அது. உள்ளூர்க் கம்பெனி லீவையும் ஒரு நாட்டின் பெர்மிட்டையும் ஒன்றென்று நினைத்தேன்.

வந்தாய். பட்டு வேட்டியில் உட்கார்ந்தாய். ஆசாரி ஊசியை எடுத்ததும் அந்தப் பயல் உன் மடியை நனைத்தான். நீ அசையாமல் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சிடுச்சுடா, முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. விருந்து முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது நீ மட்டும் கோயில் வேப்பமரத்தடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "பெரிய ஆபீசரு, வேலை பாக்குறாரு" என்று நாலு பேர் கேட்கக் கிண்டல் செய்தேன். அந்த நேரத்தில் நீ காலேஜுக்கு எழுதிக்கொண்டிருந்தாய் என்று இப்போதுதான் தெரிகிறது. மூன்று வாரம் வராததால் எல்லாப் பாடத்திலும் தேற முடியாது, மூன்றை விட்டுவிடு என்றார்கள், விட்டாய். விடலாம் என்று சொன்னவர்கள், விட்டால் பிறகு பெர்மிட்டுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தேன். கடைசியில் காலைப் பிடித்து இழுத்துத் தண்ணீரில் விட்டவனும் நான்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைத்தால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. முழுநேர மாணவனாக இருந்தால்தான் காலேஜுக்கு வெளியே வாரத்துக்கு இருபத்துநாலு மணி நேரம் வேலை பார்க்கலாம். இரண்டு பாடம் படிப்பவனுக்கு அந்த அனுமதியும் கிடையாது. அப்படியானால் இங்கிருந்து திரும்பிப் போன பிறகு அந்தப் பருவம் முடியும்வரை நீ வழக்கமாகப் போகும் கடை வேலைக்குப் போகவே இல்லை. உன் அம்மா வீடியோவில் கேட்டபோதெல்லாம் "ஷிப்ட்டு முடிச்சிட்டு இப்பதாம்மா வந்தேன்" என்றாயே. ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டேன், "அப்ப இன்னாடா சாப்ட்ட?" என்று. "ரூம்ல பசங்க பாத்துக்கிட்டாங்கப்பா" என்றாய். அந்தப் பிள்ளைகள் இதைப் படித்தால், அவர்களுக்கு என் கும்பிடு. அவர்களும் அளந்து சாப்பிடுகிறவர்கள்தான்.

ஏன்டா சொல்லவில்லை? உன்னுடைய இந்தப் பழக்கம் எனக்குப் புதிதும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அரியாங்குப்பம் பாலத்தில் வண்டியோடு விழுந்துவிட்டு, மூன்று நாள் இடது கையால் சாப்பிட்டாய். கேட்டால் "சும்மாதான்" என்றாய். நாலாவது நாள் கை வீங்கிப் போய்ச் சட்டை கழற்ற முடியாமல் நின்றபோதுதான் எலும்பில் விரிசல் விட்டிருந்தது தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பிள்ளை என்று அன்றைக்கு உன் அம்மாவிடம் கத்தினேன். "வேற யாரு மாதிரி இருப்பான்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அப்போது எனக்கு அது புரியவில்லை.

இப்போது சர்டிபிகேட் விஷயத்துக்கு வருகிறேன். திருபுவனை கம்பெனியில் நான் டைம் ஆபீசில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும், அங்கே என்ன செய்தேன் என்பது தெரியாது. யார் வந்தார்கள், யார் வரவில்லை, வராதவன் ஏன் வரவில்லை என்று பார்ப்பதுதான் வேலை. பொங்கல் முடிந்தால், மாசிமகம் முடிந்தால், மேஜை மேல் மெடிக்கல் சர்டிபிகேட் குவியும். மஞ்சள் காமாலை, டைபாய்டு, வயிற்றுப்போக்கு. பத்து பேருக்கு ஒரே டாக்டர், ஒரே பேனா, ஒரே கையெழுத்து. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். தேதியைத் திருத்தியிருந்தால் கண்ணுக்குத் தப்பாது. என்னை ஏமாற்ற ஒருவன் பிறந்து வரவேண்டும் என்று கர்வமாகத் திரிந்த காலம் அது.

பேக்கிங்கில் அந்தோணி என்று ஒருவர் இருந்தார். வருஷா வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்கு நாலைந்து நாள் வரமாட்டார். அதற்கும் காய்ச்சல் என்று ஒரு சீட்டு கொண்டுவந்து கொடுப்பார். ஒரு வருஷம் அதே திருவிழா வாரத்தில் டைபாய்டு என்று சீட்டு. "இன்னா அந்தோணி, திருவிழாக் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டு, அதைத் திருப்பிக் கொடுத்தேன். வேலைக்கு வராவிட்டால் ஆப்சென்ட் என்றேன். மறுநாள் வந்தார். மத்தியானம் மெஷின் பக்கத்தில் விழுந்துவிட்டார். நிஜமாகவே டைபாய்டு. ரெண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் அதன் பிறகு என் மேஜைக்கு நேரே பார்த்து நடந்ததில்லை. நான் ரிடையர் ஆன பிறகு ஒரு நாள் வில்லியனூர் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார நேர்ந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவரே பேசினார். "உங்கள சொல்லிக் குத்தமில்ல சார். அதுக்கு முன்ன நான் குடுத்ததெல்லாம் பொய்ச் சீட்டுதான். நெசத்தக் குடுத்தப்ப அதுவும் அதே மாதிரிதான இருந்துச்சு." நம் ஸ்டாப் வந்தது, இறங்கிக்கொண்டேன்.

நீ விண்ணப்பம் போடும் இடத்திலும் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன் மேஜையில் நம் ஊர்களிலிருந்து எத்தனை அப்பாக்கள் ஹார்ட் அட்டாக்கில் படுத்திருக்கிறார்களோ. பொய் என்று கண்டுபிடித்தால் ஐந்து வருஷம் அந்த நாட்டில் கால் வைக்க முடியாது என்று உன் அக்கா படித்துக் காட்டினாள். கன்சல்டன்சிக்காரருக்கு என்ன? அவர் கடை டவுனில் திறந்தேதான் இருக்கும். அகப்படுகிறவன் நீ.

ஆனால் கதிர், எனக்குப் பொய் சர்டிபிகேட் வாங்கத் தேவையில்லை. உண்மையானது பீரோவில் என் வேட்டிகளுக்கு அடியில் இருக்கிறது.

போன வருஷம் பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், பிஎஃப் ஆபீசில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு டவுனில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைத்தது. டிரெட்மில்லில் நடக்க விட்டார்கள், பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். டாக்டர் சின்னப் பையன், உன்னைவிட ரெண்டு மூன்று வயது மூத்திருப்பான். "அடைப்பு இருக்கும் போலருக்குது பெரியவரே. உடனே அட்மிட் ஆயி ஆஞ்சியோ பண்ணிப் பாக்கணும். கூட யாரு வந்திருக்காங்க?" என்றான். யாரும் இல்லை, மகன் கனடாவில் படிக்கிறான் என்றேன். "அவர வரச் சொல்லுங்க" என்றான். அதையெல்லாம் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தான். நான் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் அம்மாவிடம் வாயுத் தொல்லைக்குக் கேஸ் மாத்திரை என்றேன். நாலாம் நாள் உன்னைக் கூப்பிட்டேன். காது குத்த வா என்று கூப்பிட்டேன். உன்னை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று பயமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பயத்தை மடி, மாமன், சம்பிரதாயம் என்று சுற்றிச் சுற்றி மறைத்தேன்.

நீ வந்து இறங்கியதும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். முதல் நாள் நீ களைப்பாக இருந்தாய். பிறகு விசேஷம். விசேஷம் முடிந்ததும், சொன்னால் நீ திரும்பிப் போகமாட்டாயே என்று தோன்றியது. ஏர்போர்ட்டில் "இன்னாப்பா இளைச்சிட்ட?" என்று கேட்டாய். "வெயில்ல அலைஞ்சேன்" என்றேன். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீ இந்தக் காகிதத்தைக் காலேஜில் காட்டி முறையாக லீவு வாங்கியிருப்பாய். இன்றைக்குப் பெர்மிட்டுக்காகக் கண்டவன் வாசலில் நிற்க வேண்டிய நிலை வந்திருக்காது. நீ என்னிடம் மறைத்தாய் என்று மூன்று நாளாகக் குதிக்கிறேன். அந்தப் பருவத்தில் நீ பட்டினி கிடந்ததற்கு உண்மையான காரணம் என் வேட்டிக்கு அடியில் இருந்தது. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் காகிதத்தை அக்கா படம் பிடித்து இதோடு அனுப்புகிறாள். அதில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் போன் செய்து கேட்டாலும் என் பெயர் இருக்கும். ஆனால் அதை மட்டும் அனுப்பாதே. "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஓடிவந்தேன்" என்று எழுதாதே, நீ அப்படி வரவில்லை. அக்கா பிள்ளைக்குக் காது குத்த வந்தேன், அப்பாவின் நோய் எனக்குத் தெரியாது, அவர் மறைத்துவிட்டார், இப்போதுதான் சொல்கிறார் என்று எழுது. நானும் என் கைப்பட ஒரு கடிதம் எழுதி, டாக்டர் வரச் சொன்னார், நான்தான் காரணத்தை மாற்றிச் சொல்லி மகனை வரவழைத்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை அக்காவின் வீட்டுக்காரர் இங்கிலீஷில் முறையாக மொழிபெயர்க்கக் கொடுத்திருக்கிறார். காது குத்தைச் சொன்னால் கேஸ் வீக் ஆகிவிடும் என்று கன்சல்டன்சிக்காரர் சொல்லுவார். ஆகட்டும். டிக்கெட் எடுத்த நாளையும் சர்டிபிகேட் நாளையும் விசேஷப் போட்டோவில் இருக்கும் நாளையும் ஒருவன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் அதைத்தான் பார்த்தேன். படிப்பு முடிந்த கடிதம் உன் கைக்கு வந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்றாயே, கடைசி வாரம்வரை இழுக்காதே. முடிந்தால், அங்கேயே முறையாகப் பதிவு செய்த ஆள் யாரிடமாவது காட்டிவிட்டுப் போடு.

தராமல் போகலாம். அதையும் சொல்லிவிடுகிறேன். தராவிட்டால், ஏதாவது கம்பெனி நேர்வழியில் உனக்கென்று பெர்மிட் வாங்கித் தருமா என்று பார். அதை விலைக்கு விற்கிறார்கள் என்று சொன்னாயே, அந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்காதே. திரும்பவும் ஒரு படிப்பில் சேர்ந்துகொண்டு காலத்தை ஓட்டுகிறேன் என்றால் எனக்குச் சம்மதம் இல்லை, ஆனால் முடிவு உன்னுடையது. ஒன்றும் அமையாவிட்டால் வீட்டுக்கு வா. நீ படித்த மெஷின் வேலை திருபுவனையிலும் இருக்கிறது. "இன்னா, பையன் வந்துட்டானா?" என்று தெருவில் கேட்பார்கள்தான். உன்னை அனுப்பும்போது ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான், அதனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதும் என் வேலை. நீ எதற்கும் தலை குனிய வேண்டாம்.

உன் அம்மாவிடம் இன்று காலையில் சொல்லிவிட்டேன். காகிதத்தை வாங்கித் தேதியைப் பார்த்தாள். "ஒண்ணர வருசமா கேஸுன்னு சொன்ன" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "எப்ப போறோம்?" என்று கேட்டாள். வியாழக்கிழமை அட்மிட் ஆகிறேன். ஆஞ்சியோ பார்த்துவிட்டு, அடைப்பு இருந்தால் அப்போதே ஸ்டென்ட் வைத்துவிடுவார்களாம். மாப்பிள்ளை கூட இருப்பார். நேற்று அந்த டாக்டர் பையனைப் பார்த்தபோது, ஒன்றரை வருஷம் எங்கே போயிருந்தீர்கள் என்று என்னைத் திட்டினான். திட்டு வாங்கிக்கொண்டேன்.

இதைப் படித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன். உன் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா முடிந்துவிட்டது. இப்போது நீ வெளியே வந்தால் திரும்ப உள்ளே போவதற்கு மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் வராதே. வியாழக்கிழமை உன் அம்மா அழுதுகொண்டே போன் செய்வாள், அப்போதும் வராதே. அக்கா டிக்கெட் போடட்டுமா என்று கேட்பாள், வேண்டாம் என்று சொல். உள்ளே கொண்டுபோகும் முன்னால் பயத்தில் நானே கூப்பிட்டு, ஒரு எட்டு வந்துட்டுப் போடா என்பேன். சொல்லக்கூடியவன்தான் நான்.

நான் கூப்பிட்டாலும் வராதே.

அப்பா